பதினாலா, பதினைந்தா

கம்ப்யூட்டர் திரையில் இருந்த பச்சை எழுத்துகள் நாலு பக்கமும் ஒரு விரற்கடை உள்ளே சுருங்கி, ஒரு மூச்சு விடும் நேரம் நடுங்கிவிட்டு, மறுபடி பழைய அளவுக்கு விரிந்தன. நவமணியைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. வேனைச் சுற்றி நின்றவர்களின் கண்ணெல்லாம் பிரிண்டர்மேல் இருந்தது. அடுத்த காகிதம் யாருடையது, அது எப்போது வெளியே வரும் என்பதுதான் அவர்களுக்குக் கவலை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி முழங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவன் சதாசிவம் கொஞ்ச நேரம் முன்புதான் கோயில் தலைவர் கூப்பிட்டார் என்று பந்தலுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்.

பிரிண்டர் கறகறவென்று அடிக்கத் தொடங்கியது. காகிதத்தில் வரும் ஜாதகப் பொருத்தமெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அதைப் பார்த்துத் தமிழில் சொல்லுவது நவமணியின் வேலை. பெண்ணுக்குச் சித்திரை நட்சத்திரம், பையனுக்கு மிருகசீரிடம். தினம், கணம் என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துக் கீழே இறங்கியவள், ரஜ்ஜு என்ற இடத்தில் நின்றாள்.

"என்ன தங்கச்சி போட்டிருக்கு?" என்றாள் எதிரில் நின்ற ராக்காயி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் மரம் சீவிக் காய்த்துப் போன கைகளைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் செல்லாயி.

"ரஜ்ஜு இல்லக்கா. மத்தது எப்பிடி இருந்தாலும் இது சேரணும்."

"சேராட்டி யாருக்கு ஆகாது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதே என்று சதாசிவம் தொழில் தொடங்கிய அன்றே சொல்லி வைத்திருந்தான். ஆனால் ராக்காயி நகராமல் நின்றாள். பின்னால் வரிசை நெருக்கியது. "பையனுக்குக்கா" என்று நவமணி மெல்லச் சொன்னாள். ராக்காயி காகிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, மகளின் முகத்தைப் பார்க்காமலேயே கூட்டத்துக்குள் போய்விட்டாள். செல்லாயி மட்டும் சற்று நேரம் அங்கேயே நின்று அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈயத்தின் விலை விழுந்து ஈப்போவில் கம்பெனி கம்பெனியாக மூடிய வருஷம், சதாசிவம் வேலை பார்த்த சுரங்க ஆபீசும் கதவடைத்தது. அங்கே கம்ப்யூட்டர் அறைக்குக் கரண்டு வேலையெல்லாம் அவன்தான். குப்பைக்குப் போக வெளியே அடுக்கியிருந்த சாமான்களில் இருந்து ஒரு யுபிஎஸ் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். கரண்டு போனால் கம்ப்யூட்டர் அணையாமல் பத்து நிமிஷம் தாங்கிப் பிடிக்கிற பெட்டி அது. உள்ளே இருந்த சின்ன பேட்டரிகள் செத்துப் போயிருந்தன. அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டைவிரல் தடிமனில் இரண்டு ஒயரை வெளியே இழுத்து, இரண்டு லாரி பேட்டரிகளைச் சேர்த்து மாட்டினான். பத்து நிமிஷம் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று பினாங்கில் கிடைத்தது. ஜாதகம் கணிக்கும் பிளாப்பி மெட்ராசில் இருந்து ஒருவர் மூலம் வந்தது. பகலில் கரண்டு இல்லாத தோட்டங்களுக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஜெனரேட்டர் ஓடுகிற தோட்டங்களுக்கு, அவன் வேனை எடுத்துக்கொண்டு போனான். நவமணி டைப்ரைட்டிங் படித்தவள் என்பது பதினாறு வருஷம் கழித்து வீட்டுக்கு உதவியது.

அந்தப் பெட்டிக்கு இரண்டு துர்க்குணம். சுவரில் கரண்டு இல்லை என்று தெரிந்தால் போதும், நிறுத்தாமல் கீச் கீச்சென்று கத்தும். தோட்டத்தில் எங்கே சுவரும் கரண்டும்? நாள் முழுக்கக் கத்தியது. பிள்ளைகள் அழுதன, சாமி வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சதாசிவம் அதன் குரலை அறுத்துவிட்டான். பேட்டரி தீரப்போகிறது என்று எச்சரிக்கிறதும் அதே குரல்தான். அதற்குப் பதிலாக முள் ஆடுகிற ஒரு மீட்டரை மாட்டி, அதை அவனே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டாவது குணம், சுவரில் சொருகினால்தான் அது விழிக்கும். ஆகவே ஈப்போ ஜெலாப்பாங்கில் இருந்த வீட்டிலேயே பிளக்கில் போட்டு எழுப்பி, ஓடுகிற பெட்டியை அணையாமல் வேனில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். வழியில் ஒரு பள்ளத்தில் ஒயர் கழன்றால் அன்றைய பொழுது போச்சு. போகிற வழி முழுக்க நவமணி பின்னால் உட்கார்ந்து, அமில வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அந்த ஒயரைப் பிடித்தபடியே வருவாள்.

திங்கள்கிழமை காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். சதாசிவம் பேட்டரிகளை சார்ஜ் போட டவுனுக்குக் கொண்டு போனான். நவமணி அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். சுருங்கிய அந்தத் திரை நேற்றிலிருந்து அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை. சோப்பு நுரையில் தெரிந்தது, பிள்ளையின் தலையில் வகிடு எடுக்கும்போது தெரிந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டரை வீட்டுச் சுவர் பிளக்கில் நேராகப் போட்டாள். வருகிறவர்களின் விவரத்தை எழுதி வைக்கும் 555 மார்க் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். ஏழாங்கட்டைத் தோட்டம், ராக்காயி மகள் செல்லாயி. பையன் சீனி, சுங்கை சிப்புட். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

பையனுக்கு ரோகிணி என்று வந்தது. ரஜ்ஜு உண்டு. பத்தில் ஏழு பொருத்தம்.

நேற்றைய கார்பன் நகலைத் தேடி எடுத்தாள். அதில் பையன் பிறந்த தேதி பதினைந்து. நோட்டில் பதினாலு. ஒரு நாள் தள்ளியதில் நட்சத்திரம் மாறியிருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சதாசிவம் வந்ததும் இரண்டு காகிதத்தையும் நீட்டினாள். அவன் நின்றபடியே படித்தான்.

"நீதான் மாத்தி அமுக்கியிருப்ப. நாலுக்குப் பக்கத்துலதானே அஞ்சு இருக்கு."

"ஸ்க்ரீன் சுருங்குச்சுங்க. நா கண்ணால பாத்தேன்."

"எப்ப?"

"நீங்க தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தீங்களே, அப்ப."

திரும்பி வந்தபோது மீட்டர் முள் சிவப்பில் கிடந்ததும், அவசரமாக வேனின் சொந்த பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் அவனுக்குத்தான் தெரியும். ஆனாலும், "கரண்டு கொறஞ்சா மெஷின் நின்னு போகும்லா. நாலு அஞ்சாகாது" என்றான். சொல்லும்போதே அவன் குரலில் அத்தனை உறுதி இல்லை. சுரங்க ஆபீசில் இருந்தபோது, கரண்டு நலிந்த ஒரு மத்தியானம் எண்கள் தானாக மாறிப்போன கதையை அவனே அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"நா போய் அந்தக்காகிட்ட சொல்லிட்டு வாரேன்."

"சொல்லி? மெஷின் ரோசாக்கு, கெட்டுப் போச்சுன்னு சொல்லப் போறியா? இன்னைக்கி ராக்காயி கேப்பா, நாளைக்கித் தோட்டமே வந்து நிக்கும். அதுக்கு முன்னுக்கு நீ எழுதின நோட்டப் பாரு, எத்தன பேருன்னு."

அவன் வெருட்டுவதற்காகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் போய்த் தைத்துவிட்டது. மூன்று நோட்டுப் புத்தகங்கள். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். எத்தனை பேருக்குத் திரை சுருங்கியது, அவள் பார்க்காமல்? ஜூலையில் கம்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் இவள் சொன்ன பொருத்தத்தை நம்பிக் கட்டிய கல்யாணத்துக்கு அழைப்பிதழ்கூட வந்தது. அலமாரியில் இன்னும் இருக்கிறது. அன்று அதைப் பெருமையாகப் பக்கத்து வீட்டில் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை, அவனிடம் மறுபடி கேட்காமல், தஞ்சோங் ரம்புத்தான் பஸ் ஏறினாள். இறங்கிச் செம்மண் பாதையில் முக்கால் மணி நேரம் நடை. இரண்டு பக்கமும் ரப்பர் பால் சொட்டும் கித்தா மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. யாராவது எதிரே வந்து, நீ கம்ப்யூட்டர்காரிதானே என்று கேட்டுவிடக்கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். தொழிலாளர் வீடுகள் ஒட்டி நின்ற லயத்தில் கடைசி வீடு. ராக்காயி ரப்பர் பாலை நிறுத்துக் கொடுக்கிற ஸ்டோரிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நவமணியைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"அக்கா, மாப்பிள்ள பொறந்த தேதி எழுதின சீட்டு இருக்கா? ஒருக்கா பாக்கணும்."

ராக்காயி உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். பதினாலு. நவமணி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எல்லாம் மறந்துபோனது. பையில் இருந்த புதுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்து, "தப்பாப் போச்சுக்கா. தேதி மாறிப் போச்சு. பொருத்தம் இருக்கு. பத்துல ஏழு" என்றாள்.

"எப்பிடி மாறுச்சு?"

"எங்கையா, மெஷினான்னு தெரியலக்கா."

ராக்காயி காகிதத்தை வாங்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். "நேத்தே சுங்கை சிப்புட்டுக்கு ஆள் சொல்லி விட்டுட்டேன், வேணாம்னு. அந்தப் பையனும் எம்மகளும் ஒரே பேக்டரி. அதுங்களா விரும்புனதுதான். நான்தான் பொருத்தம் பாக்காம முடியாதுன்னு நின்னேன். எனக்குப் பாக்கல தங்கச்சி. மூணாவது வருஷம் புயக்காத்துல மரம் சாஞ்சு அவரு போனாரு. இவ அப்ப கைப்புள்ள." காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "கோயில் ஐயரு ஒண்ணு சொல்றாரு, ஜோசியரு ஒண்ணு சொல்றாரு. மனுசன்தானே மாத்திச் சொல்லுவான், மெஷினு சொல்லாதுன்னு இவதான் என்னயக் கூட்டியாந்தா. இப்ப மெஷினும் ரெண்டு சொல்லுது."

உள்ளேயிருந்து செல்லாயி வந்து கதவருகே நின்றாள். அந்த வாரம் அவளுக்கு மத்தியான ஷிப்டு. கண்கள் வீங்கியிருந்தன. அவள் நவமணியிடம் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் குனிந்து அம்மாவின் பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எங்கண்ணு முன்னுக்குப் போட்டுக் காட்டு" என்றாள் ராக்காயி. "மறுபடி ஏழு வந்தா அப்பறம் பேசுவோம்."

அன்று சாயங்காலம் நவமணி இதைச் சொன்னபோது சதாசிவம் சத்தம் போடுவான் என்று நினைத்தாள். அவன் போடவில்லை. "அங்க போயி மூணாவதா ஒண்ணு வந்துச்சுன்னா?" என்றான். அவளும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். "வந்தா வரட்டும். தெரியாம இருக்கறதுக்கு அது மேலு" என்றாள். மேல்தானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அவன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருகாக முடுக்க ஆரம்பித்தான். மறுநாள் முழுக்க அதே வேலையாக இருந்தான். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினான், முனைகளை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தான். தன் பிழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அறுத்துப் போட்ட குரலை மறுபடி ஒட்டவைத்திருந்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். பெட்டி பிளக்கிலிருந்து கழன்றதும் கத்தத் தொடங்கியது. நாலு விநாடிக்கு ஒரு கீச். சிக்னல் விளக்குகளில் வேன் நிற்கும்போதெல்லாம் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நவமணி இரண்டு கையாலும் ஒயரைப் பிடித்துக்கொண்டாள். செம்மண் பாதையில் சதாசிவம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேனை நிறுத்தி நிறுத்தி இறக்கினான். ஒரு பாலத்துப் பலகை தூக்கிப் போட்டதில் பெட்டியின் ஒரு கீச் வராமல் போனது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கீச் வந்தது. "இருக்கு, இருக்கு" என்றாள் அவள். அவன் நெற்றியைத் துடைத்தான்.

லயத்து வாசலில் ராக்காயி மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தோட்டத்து ஆட்கள் மரம் சீவப் போயிருந்ததால் கூட்டமில்லை. அவள் மட்டும் லீவு போட்டிருந்தாள். செல்லாயி பேக்டரிக்குப் போட்டுப் போகிற நீல கவுனில் தயாராக நின்றாள். வேனின் பின்கதவைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டார்கள். சதாசிவம் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நவமணி தேதியை அடித்தாள். ஒருமுறை அழித்து மறுபடி அடித்தாள்.

"தங்கச்சி, நீயே பாரு" என்று செல்லாயியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். செல்லாயி மூன்றாம் பாரம் வரை படித்தவள். குனிந்து, "ஒண்ணு, நாலு" என்று படித்தாள்.

பிளாப்பி சுற்றியது. மூன்று நிமிஷம் ஆனது. எழுத்துகள் அசையவில்லை. பிரிண்டர் அடித்தது. ரோகிணி. ஏழு. ரஜ்ஜு உண்டு.

சதாசிவம் மூச்சை விட்டான். நவமணி காகிதத்தைக் கிழித்து ராக்காயியின் கையில் வைத்தாள். அவள் அதை முந்தைய காகிதத்தின்மேல் வைத்து, இரண்டையும் தடவிக்கொண்டே இருந்தாள். எழுத்து தெரியாதவள், இருந்தாலும் எதையோ தேடுகிறவள் மாதிரி பார்த்தாள்.

"ரெண்டு பேப்பரும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றாள்.

"மொத பேப்பரு தப்புக்கா."

"அன்னைக்கும் நீ இப்பிடித்தான் சொன்ன. இதே கையி, இதே பொட்டி. அன்னைக்கு நான் நம்புனேன்." அவள் நவமணியை நிமிர்ந்து பார்த்தாள். "பையனுக்கு ஆகாதுன்னு ஒருக்கா காதுல விழுந்துருச்சு. இனிமே அவன் பைக் ஏறும்போதெல்லாம் எனக்கு அது கேக்கும். நீ சொல்லு. ஒனக்குப் பொம்பளப் புள்ள இருக்கா?"

"இருக்குக்கா. பதிமூணு வயசு."

"ஒம்மகளா இருந்தா கட்டிக் குடுப்பியா?"

பெட்டி கத்திக்கொண்டிருந்தது. சதாசிவம் நவமணியைப் பார்த்தான். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடு என்பது போல லேசாகத் தலையை அசைத்தான். ஆமாம் என்று சொல்வது சுலபம். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் இனி நாலும் ஐந்தும் காரணமாகாது, பேட்டரி காரணமாகாது. சீனி என்ற, தான் முகம் பார்த்திராத அந்தப் பையன் சாலையில் போகிற ஒவ்வொரு நாளும் தன் கணக்கில் போகும் என்று நவமணிக்குத் தோன்றியது.

"அக்கா, எனக்கும் இவருக்கும் இதுல போட்டுப் பாத்தேன்" என்றாள். "பத்துல மூணு. ரஜ்ஜு கிடையாது."

சதாசிவத்தின் கை மீட்டர்மேல் இருந்தபடியே நின்றது.

"ஆகாதது யாருக்குன்னு போட்டிருந்துச்சு?" என்றாள் ராக்காயி.

"எனக்கு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. அடுப்பு வேலை இருந்துச்சு, போய்ட்டேன்." நவமணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "பயமா இல்லன்னு சொல்ல மாட்டேன்க்கா. லேசா நெஞ்சு வலிச்சாகூட அது நெனப்பு வரும். ஆனா கட்டிக் குடுப்பேன். எம்மகளா இருந்தா கட்டிக் குடுப்பேன்."

ராக்காயி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்லாயியும் பின்னாலேயே போனாள். தாழ்ந்த குரலில் பேச்சு கேட்டது. அழுகையா, சிரிப்பா, வெறும் பாத்திரச் சத்தமா என்று தெரியவில்லை. அவர்கள் திரும்பி வெளியே வருவார்கள் என்று சதாசிவமும் நவமணியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் வரவில்லை. கூப்பிடவும் மனம் வரவில்லை. சதாசிவம் ஒயரைக் கழற்றினான். பெட்டி ஒரு நீளக் கத்தல் கத்திவிட்டு அடங்கியது. அதன்பின் தோட்டம் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது.

திரும்பும்போது அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பிடிக்க வேண்டிய ஒயர் இப்போது இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணா?" என்றான் அவன், பாதையைப் பார்த்தபடி.

"ம்."

"எப்பப் பாத்த?"

"மெஷின் வந்த மொத நாளு. நீங்க குளிக்கப் போனப்ப."

"ஒண்ணர வருஷமாச்சு."

"ஆமா."

அவன் கியரை மாற்றினான். அன்று கரண்டு சரியாக இருந்ததா, வீட்டுச் சுவரில்தான் சொருகியிருந்தாயா என்று கேட்கப் போகிறான் என நினைத்தாள். கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்தது.

வளைவு திரும்பியதும், முன்னால் செல்லாயி நடந்து போவது தெரிந்தது. பின்வாசல் வழியாகக் கிளம்பியிருக்கவேண்டும். பேக்டரி பஸ் மெயின் ரோட்டுச் சந்திப்புக்கு ஒன்றரை மணிக்கு வரும். சீனியும் அதே ஷிப்டுதான் என்று ராக்காயி சொல்லியிருந்தாள். பாதை ஒரு வேன் போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் இடுப்புயர லாலாங் புல். அவள் நடுப்பாதையில், தலையைக் கொஞ்சம் குனிந்து, வேகவேகமாக நடந்தாள். பின்னால் வேன் வருவது கேட்காமல் இருக்காது. ஒதுங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

சதாசிவத்தின் கை ஹாரனுக்குப் போனது. நவமணி அவன் மணிக்கட்டைத் தொட்டாள். அவன் கையை எடுத்து முதல் கியரில் போட்டான்.

செல்லாயியின் கையில் ஒரே ஒரு காகிதம் இருந்தது. ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதம். மடிக்காமல் சுருட்டிப் பிடித்திருந்தாள். காற்றில் அது அவிழ்ந்து அவிழ்ந்து புல்நுனிகளில் உரச, அவள் நடந்துகொண்டே அதைத் திரும்பத் திரும்பச் சுருட்டினாள். எந்தக் காகிதம், ஆகாது என்றதா, ஏழு என்றதா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. சந்திப்பு வரைக்கும் வேன் அவள் பின்னாலேயே மெதுவாகப் போனது.